அதிபர் நேர்முகப் பரீட்சைக்கு உதவும் செயலி: எப்படி அமைய வேண்டும்?

இலங்கை அதிபர் சேவையின் தரம் 3க்குள் நுழைய எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது; நேர்முகப் பரீட்சையும் உண்டு. மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ என நான்கு கல்வி வலயங்கள் கொண்ட எமது மாவட்டத்திலும், திறமையான ஆசிரியர்கள் அங்கே தடுமாறுவதைக் காண்கிறோம். பணி செய்திருப்பார்கள், அதை எடுத்துச் சொல்லத் தெரியாது. இதற்கு உதவும் கைத்தொலைபேசிச் செயலியொன்று மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்.

முதலாவது, ஆவணங்கள். நியமனக் கடிதம், பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் திகதி வாரியாகச் சேமித்து, எது குறைகிறது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும்.

இரண்டாவது, பாடசாலைக்கேற்ற கேள்விகள். 1ஏபி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. வகை 2 பாடசாலை தரம் 11 உடன் முடிகிறது. வகை 3 சிறுவர்களுக்கானது. மூன்றுக்கும் ஒரே கேள்வி பொருந்தாது. மாணவர் வரவு, பெறுபேறு, ஆசிரியர் வெற்றிடம் என்பவற்றை விண்ணப்பதாரியே பதிந்து, அவற்றிலிருந்து பதில் சொல்லப் பழக வேண்டும்.

மூன்றாவது, குரல் பயிற்சி. தனது பதிலைப் பதிவு செய்து, தானே கேட்டு, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் கருத்தையும் பெற வழியிருக்க வேண்டும்.

செயலி தமிழில் இருக்க வேண்டும். இணையமின்றியும் இயங்க வேண்டும். ஆயத்த விடைகளை மட்டும் தரக்கூடாது. மனனம் செய்த பதில் இரண்டாவது கேள்வியிலேயே சிக்கிவிடும். அப்படியே தப்பினாலும், அதன் விலையைக் கொடுப்பது பாடசாலைப் பிள்ளைகளே.