காரைச் சுவரும் சிமெண்டுப் பூச்சும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடொன்று விலைக்கு வருகிறதென்று தரகர் சொன்னபோது, ராஜபாளையத்தில் பதினான்கு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கும் நாங்கள் முதலில் கேட்டது வில்லங்கச் சான்றைத்தான். முப்பது ஆண்டுக்கும் வில்லங்கம் ஏதுமில்லை. பத்திரத்தின்படி வீடு கட்டப்பட்டது 1938இல். நேரில் போய்ப் பார்த்தால், புதுப்பூச்சும் புதுவண்ணமுமாக நேற்றுக் கட்டியது போல நின்றது. உடன்வந்த முதிய கொத்தனார் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். வடக்குச் சுவரில் ஓசை மாறியது. "உள்ள காரை சார், மேல சிமெண்டைப் பூசியிருக்காங்க" என்றார். பத்திரத்தில் இல்லாத வில்லங்கம் சுவரில் இருந்தது.

இவ்வூர்க்காரர்களுக்குக் காரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தால் பதினொரு நிலைக் கோபுரம். கல்லால் ஆன அடித்தளத்துக்கு மேலே செங்கல்லும் சுதையும்தான். சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டு, நீர்விட்டு நீற்றி, மணல் சேர்த்துக் கல்லுருளையால் அரைத்தெடுப்பது காரை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று அது மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. அவசரக்காரர்களுக்கான பொருளன்று.

அவசரக்காரர்களுக்காக வந்தது சிமெண்ட். ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824இல். இந்தியாவில் அதைத் தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் நம் சென்னையிலேயே நடந்தது, ஆனால் நிலைக்கவில்லை. நம் பகுதிக்கு அது உள்ளூர்ப் பொருளானது, ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸைத் (இன்றைய ராம்கோ) தொடங்கி, விருதுநகரை அடுத்த துலுக்கப்பட்டியில் ஆலை எழுந்த பிறகுதான். ஆலை அருகிலிருந்தும் மூட்டை எளிதில் கிடைத்துவிடவில்லை. விலையும் விநியோகமும் அரசின் பிடியில் இருந்த காலம் அது. சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கு நன்கொடை பெற்ற விவகாரத்தில் மராட்டிய முதல்வர் அந்துலே 1982இல் பதவியிழந்தார் என்றால், அன்று ஒரு மூட்டைக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் பாதியளவு தளர்ந்த கட்டுப்பாடு 1989இல் முற்றிலும் நீங்கியது. அதன்பின் பழைய வீடுகளுக்கெல்லாம் சிமெண்டுச் சட்டை மாட்டுவது எளிதாயிற்று.

சிக்கல் அங்கேதான். காரைச் சுவர் மழையில் நனையும், வெயிலில் உலரும். அதன்மேல் இறுகிய சிமெண்டைப் பூசினால், சிறு விரிசல் வழியே உட்புகும் நீருக்குத் திரும்ப வழியில்லை. உள்ளே ஓதம் தங்கும், உப்புப் பூக்கும், பின்னர் பூச்சு தன்னோடு காரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிப்பதால், முதலில் கெடுபவை வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்களே. வண்ணம் பூசி ஒரு மழைக்காலமாவது காணாத வீட்டை எங்கள் கொத்தனார் நம்புவதில்லை. அவர் சொல்வது நியாயமென்றே நமக்கும் படுகிறது.

சன்னல்களின் கதை இன்னும் சோகமானது. நல்ல தேக்குச் சட்டங்கள். எண்பது ஆண்டுகளில் கரையான்கூடத் தொடவில்லை. புதுப்பூச்சுப் பூசியவர்கள் சுவரைத் தடிப்பாக்கியதில் சட்டத்தின் அடிக்கட்டை சிமெண்டுக்குள் புதைந்து, வழியும் நீரெல்லாம் அங்கே தேங்கியிருக்கிறது. பளபளத்த பச்சை வண்ணத்தின்மேல் சாவி நுனியால் அழுத்தினோம். வெண்ணெயில் போல் இறங்கியது. கம்பிகள் துருவேறிப் பருத்து, அவை செருகிய துளைகளைப் பிளந்திருந்தன. எட்டுச் சன்னல்களில் ஐந்தின் நிலை இது. தரகர் தெருவை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

ராஜபாளையத்துக்காரரும் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தவருமான பி.எஸ். குமாரசுவாமி ராஜா, தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதே ஊரிலிருந்து சென்ற நாங்களோ, ஒரு வீட்டுக்காக மூன்று வாரம் பேரம் பேசினோம். வைப்புநிதிக் கடனும் நகைக் கடனும் சேர்ந்த தொகை, வேறு வழியில்லை. விற்பவர் இறுதியில் இறங்கி வந்தார். தை மாதம் பத்திரம் பதிவாயிற்று.

இப்போது சிமெண்டைக் கொத்தி எடுக்கும் வேலை நடக்கிறது. காரை அரைத்தே நாற்பது ஆண்டாகிவிட்டதாகக் கொத்தனார் சொல்கிறார். ஆயினும் கொல்லையில் தொட்டி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றிப் போட்டிருக்கிறார். ஐப்பசிக்குள் வடக்குச் சுவர் முடிந்தாக வேண்டும்.