திருநீலகண்டக் குயவர்
சிதம்பரத்தில் வாழ்ந்த குயவர். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவர். மண் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, சூளையில் சுட்ட திருவோடுகளைச் சிவனடியார்களுக்குக் கொடுப்பதே இவர் தொண்டு. கணவரின் பிழைக்காக, தம்மைத் தீண்டக்கூடாதென மனைவி சிவன்மீது ஆணையிட்டார். முதுமைவரை இருவரும் ஒரே வீட்டில் தீண்டாமல் வாழ்ந்தனர். யோகியாக வந்த இறைவன், தான் காக்கக் கொடுத்த ஓட்டை மறைத்து, மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யுமாறு வழக்காடினான். மூங்கில் கழியின் இருமுனைகளைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிய தம்பதியர் இளமையோடு எழுந்தனர். கழியைப் பிடித்தது ஆணையை மீறாதிருக்கவே. கதையின் அழகு அங்கேதான். இளமையாக்கினார் கோயிலும் குளமும் சிதம்பரத்தில் உள்ளன. இரண்டாம் இராசராசன் (1146–1173) எழுப்பிய தாராசுரம் கோயிலின் நாயன்மார் சிற்ப வரிசையில் இவருக்கும் இடமுண்டு. 1939இல் தியாகராஜ பாகவதர் நடிப்பில் ‘திருநீலகண்டர்’ திரைப்படம் வெளிவந்தது. தை விசாகத்தில் குருபூசை.