பெருமந்தமும் கொழும்புத் தொழிலாளரும் (1929–1939)

பொருளாதார மந்தத்திலிருந்து நாடொன்று மீண்டது எனக் கூறும்பொழுது, மீண்டது இலாபமா, வேலைவாய்ப்பா என்பதை நாம் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும். 1930களின் கொழும்பு நகர வரலாறு இவ்வகையிற் கவனத்துக்குரியது.

தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள் ஏற்றுமதியிலே தங்கியிருந்த இலங்கையில், 1929 இன் பின்னரான விலைவீழ்ச்சி துறைமுகத்தையும் உடனடியாகப் பாதித்தது. கொட்டாஞ்சேனை முதலாய துறைமுகஞ் சார்ந்த பகுதிகளின் நாட்கூலித் தொழிலாளர்க்குக் கப்பற் சரக்குக் குறைவதென்பது கூலி குறைவதேயாகும். 1931 இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியது. பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார். ஆயின் நிதியதிகாரம் பிரித்தானிய உத்தியோகத்தரான நிதிச் செயலாளரிடமே இருந்தது. வாக்களிக்கும் உரிமை பெற்ற தொழிலாளிக்கு வேலை வழங்கும் அதிகாரம் அவன் தெரிந்தெடுத்தோரிடம் இருக்கவில்லை.

1933 இல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ற் அரசு பொதுவேலைகளைப் பெருக்கி வேலையற்றோரை அமர்த்த முற்பட்டது. இலங்கையிலோ மீட்சிக்கான பிரதான வழி உற்பத்திக் கட்டுப்பாடாக அமைந்தது. 1933 இன் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கையும் 1934 இன் இறப்பர் உடன்படிக்கையும் ஏற்றுமதியை மட்டுப்படுத்தி விலையை உயர்த்த முனைந்தன. குறைந்த உற்பத்திக்குக் குறைந்த தொழிலாளரே போதும். எனவே, தோட்டக் கம்பனிகளின் மீட்சி தொழிலாளரின் மீட்சியாகவில்லை.

இந்நெருக்கடி தொழிலாளர் ஒற்றுமையையும் சிதைத்தது. 1933 இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபொழுது, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரி இளைஞர் அதற்குத் தலைமை தாங்கினர். 1927 இல் துறைமுகத்திலும் 1929 இல் டிராம் வண்டிச் சேவையிலும் வேலைநிறுத்தங்களை நடத்திய ஏ. ஈ. குணசிங்கவோ இதனை எதிர்த்து நின்றார். அவ்வாலையிற் பணியாற்றியோருள் மலையாளிகள் கணிசமானோர். பின்னர் குணசிங்கவின் பிரசாரம் வெளிப்படையான மலையாளி எதிர்ப்பாகவே மாறிற்று. வேலை ஏன் இல்லை என்ற வினாவின் இடத்தை, இருக்கும் வேலை எவர்க்குரியது என்ற வினா பிடித்துக்கொண்டது.

1939 இல் அரசே இவ்வினாவைக் கொள்கையாக்கியது. அரசாங்கத் திணைக்களங்களின் நாட்சம்பள ஊழியருள் இலங்கையரல்லாதோரை நீக்கத் தீர்மானிக்கப்பட்டது. சேவைக்காலம் குறைந்தோர் வேலைநீக்கஞ் செய்யப்பட, ஏனையோர் பணவுதவி பெற்றுத் தாமாக வெளியேற ஊக்குவிக்கப்பட்டனர். நேரு நேரில் வந்து பேசியும் இத்தீர்மானம் கைவிடப்படவில்லை. அவ்வாண்டு யூலையில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியதும், ஓகஸ்டில் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்ததும் இதன் விளைவுகளாகும். அரசாங்க சபையிலிருந்த சமசமாஜிகள் இக்கொள்கையை எதிர்த்தனர்.

ஒருவரை நீக்கி மற்றொருவரை அமர்த்துவதால் வேலைகளின் தொகை பெருகுவதில்லை. பெருகியது இனப்பகையே. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியபொழுது, அதற்கான மனப்பாங்கு கொழும்பின் வேலைத்தலங்களில் ஏலவே உருவாக்கப்பட்டிருந்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.