பாட்டின் பெயரும் பாட்டுக்காரன் பெயரும்

பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். பாட்டின் தலைப்புக்குக் கீழே, 'இன்ன பாட்டின் மெட்டு' என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். இந்துஸ்தானி மெட்டாயினும் சரி, கீர்த்தனை மெட்டாயினும் சரி, அதனை மறைக்கவேண்டும் என்ற எண்ணம் அப்புத்தகங்களை மலிவு விலைக்கு அச்சிட்டு விற்றவர்களுக்கு இருந்ததில்லை. ஆயினும் அந்த வரி, எந்தப் பாட்டின் மெட்டு என்று கூறியதேயன்றி, அம்மெட்டை ஆக்கியவர் யார் என்று கூறவில்லை. மூலம் எது என்ற வினா ஒன்று. மூலகர்த்தா யார் என்ற வினா இன்னொன்று. முன்னதற்கு விடை தந்துவிட்டுப் பின்னதைக் கைவிட்டுவிடலாம் என்பதற்கு நம் பாட்டுப் புத்தகங்களே சாட்சி.

இன்று உலகின் இசைப்பதிவுகளை இணையத்தில் அட்டவணைப்படுத்தும் தரவுத்தளங்கள் இவ்விரு வினாக்களையும் பிரித்தே கையாள முற்படுகின்றன. 2003இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பெற்ற 'செக்கண்ட்ஹாண்ட் சோங்ஸ்' இத்தகையது. அமெரிக்காவில் இலாப நோக்கற்ற அறக்கட்டளையொன்று நடத்தும் 'மியூசிக்பிரெயின்ஸ்' மற்றொன்று. இரண்டிலும் உழைப்பின் பெரும்பகுதி தொண்டர்களுடையது. படைப்பு வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு என்பது இவற்றின் அடிப்படை விதி. ஒரு பாட்டை நூறு பேர் பாடிப் பதிந்தால் படைப்பு ஒன்று, பதிவுகள் நூறு. பிறமொழியில் புதுச்சொற்கள் புனையப்பெற்றால் அது தனிப் படைப்பாகிறது. எந்த மூலத்திலிருந்து பிறந்தது என்ற தொடர்பும் கூடவே குறிக்கப்படுகிறது. பார்வைக்கு இது நூலகரின் மேசைவேலை போலத் தோன்றும். அந்தத் தொடர்பைக் குறிப்பதா விடுவதா என்பதில் ஒரு குடும்பத்தின் சோறே தங்கியிருந்த கதையொன்று உண்டு.

சொலமன் லிண்டா, தென்னாபிரிக்காவின் நாட்டால் மாகாணத்தில் 1909இல் பிறந்த சூலு இனத்தவர். இளமையில் மாடு மேய்த்தவர். பிழைப்புத் தேடி ஜொகன்னஸ்பேர்க் நகரம் வந்து, காலோ இசைத்தட்டுக் கம்பனியில் தட்டுகளைப் பொதிசெய்யும் தொழிலாளியானார். 1939இல் அதே கம்பனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில், 'ஒரிஜினல் ஈவ்னிங் பேர்ட்ஸ்' என்ற தமது குழுவினருடன் 'ம்புபே' என்ற பாட்டைப் பாடிப் பதிந்தார். ம்புபே என்றால் சிங்கம். மிகச் சில சொற்களே கொண்ட பாட்டு அது. குழுவினர் அடிக்குரலில் ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதற்கு மேலே லிண்டாவின் உச்சக்குரல் தன் போக்கில் உலாவும். மூன்றாந் தடவைப் பதிவின் முடிவில் அந்தக் கணத்திலேயே கற்பித்து அவர் பாடிய சில சுரங்கள்தாம் பின்னர் உலகமெங்கும் முணுமுணுக்கப்பட்டவை. பத்தாண்டுகளில் ஏறக்குறைய 1,00,000 தட்டுகள் விற்பனையாகின. பாட்டின் பெயரே ஒருவகைக் குழுப்பாடல் முறைக்குப் பெயராயிற்று. லிண்டா பெற்றது பத்துச் சிலிங் என்பர்.

அத்தட்டு, நாட்டுப்பாடல் ஆய்வாளரான அலன் லோமக்ஸ் வழியாக அமெரிக்கப் பாடகர் பீற் சீகரின் கைக்கு வந்தது. சீகர் கேட்டுக் கேட்டு அதனை எழுதிக்கொண்டார். 'உயிம்புபே' என்ற சூலுத் தொடர் அவர் செவியில் 'விமொவே' என விழுந்தது. பொருளற்ற அச்சொல்லே தலைப்பாயிற்று. சீகரின் 'வீவர்ஸ்' குழு பாடிய தட்டு 1952இல் அமெரிக்காவில் பிரபலமடைந்தது. ஆக்கியோன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'போல் காம்பெல்' என்று அச்சாகியிருந்தது. அப்படியொரு மனிதர் இல்லை. குழுவினரும் பதிப்பாளரும் வைத்துக்கொண்ட புனைபெயர் அது.

இங்கு நாம் சற்று நிற்கவேண்டும். சீகர் நமக்கு அந்நியரல்லர். தொழிற்சங்க மேடைகளில் பாடியவர். கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் கறுப்புப் பட்டியலில் இடப்பட்டவர். 1955இல் விசாரணைக் குழுவின் முன் தம் கொள்கை பற்றிய வினாக்களுக்கு விடைகூற மறுத்து நின்றவர். லிண்டாவுக்கு ஆயிரம் டொலர் அனுப்புமாறு அவர் கேட்டுக்கொண்டதும் பதிவாகியுள்ளது. ஆயினும், ஆபிரிக்கத் தட்டில் கேட்ட பாட்டு பெயரற்ற மக்களின் பொதுச்சொத்து என்ற எண்ணம் அவரது வட்டத்திலும் நிலவியது. மக்கள் கலை மக்களுக்கே சொந்தம் என்பது நம் நாவிலும் அடிக்கடி வரும் வாக்கியந்தான். ஆனால் தட்டின் முகப்பிலேயே பெயர் பொறிக்கப்பட்டிருந்த ஒரு தொழிலாளியை 'மக்கள்' என்ற பெருஞ்சொல்லுக்குள் கரைத்துவிட்டபோது, இலாபம் மக்களைச் சேரவில்லை. பதிப்பாளரைச் சேர்ந்தது.

1961இல் ஜோர்ஜ் டேவிட் வைஸ் என்பவர் அம்மெட்டுக்கு ஆங்கிலச் சொற்கள் புனைந்தார். 'டோக்கன்ஸ்' குழு பாடிய அப்பாட்டு அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. ஆக்கியோராக வைஸ், பெரெற்றி, கிரியேற்றோர் என மூவர் பெயர் இருந்தது. லிண்டாவின் பெயர் இல்லை. அடுத்த ஆண்டே ஹென்றி சல்வடோர் பிரெஞ்சில் பாடினார். சூலு நாட்டு மேய்ச்சல் நிலத்துச் சிங்கம் ஆங்கிலத்தில் அடர்காட்டிற் புகுந்து உறங்கிற்று. பிரெஞ்சில் செத்தே போயிற்று! அதே 1962ஆம் ஆண்டு அக்டோபரில் லிண்டாவும் சிறுநீரக நோயால் இறந்தார். கல்லறைக்குக் கல் நாட்டவும் மனைவியிடம் பணமிருக்கவில்லை.

1994இல் வால்ட் டிஸ்னியின் சிங்கப் படத்தில் அப்பாட்டு மறுபடியும் ஒலித்தது. 2000ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க எழுத்தாளர் றியான் மாலன், 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையில் இவ்வரலாற்றை விரிவாக எழுதிய பின்னரே உலகம் லிண்டாவின் பெயரைக் கேட்டது. 2004இல் தென்னாபிரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அதற்குக் கைகொடுத்தது 1911ஆம் ஆண்டின் பிரித்தானிய ஏகாதிபத்தியப் பதிப்புரிமைச் சட்டம். ஆக்கியோன் இறந்து 25 ஆண்டுகள் கழிந்ததும், அவன் விற்றுவிட்ட உரிமை வாரிசுகளுக்கு மீளும் என்று அதில் ஒரு விதி உண்டு. இலங்கையிலும் 1979 வரை நடைமுறையிலிருந்தது அதே சட்டந்தான். குடியேற்ற ஆட்சியின் சட்டமொன்று குடியேற்ற நாட்டுத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு உதவியது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. 2006 பெப்ரவரியில் இணக்கம் ஏற்பட்டது. ஆங்கிலப் பாட்டு 'ம்புபே'யிலிருந்து பிறந்தது என்பதும், லிண்டா அதன் இணையாசிரியர் என்பதும் அதில் ஏற்கப்பட்டன. வாரிசுகளுக்குக் கொடுப்பனவும் வழங்கப்பட்டது.

இந்தப் பின்னணியிலேயே தரவுத்தளங்களின் விதிகளை நோக்கவேண்டும். மொழிமாறிய பாட்டைத் தனிப் படைப்பென்று மட்டும் பதிந்து, மூலத்தொடர்பைப் பதியாமல் விட்டால், 1961ஆம் ஆண்டுத் தட்டு செய்ததையே அட்டவணையும் செய்ததாகும். முழுவதையும் வெறும் மறுபாடல் என்று பதிந்தாலோ, சொல் புனைந்தவனின் உழைப்பு மறைந்துபோகும். தழுவல் என்ற இடைநிலை வகுப்பு இதற்காகவே தேவைப்படுகிறது. அதன் துணைகொண்டு, ஆங்கிலப் பாட்டில் தொடங்கும் மாணவன் ஒருவன் 'விமொவே' வழியாக 1939இன் ஜொகன்னஸ்பேர்க் வரை ஏறிச் செல்லலாம்.

எனினும் தொண்டர்கள் முதலிற் பார்ப்பது தட்டின் முகப்பைத்தான்; முகப்பு பொய் சொன்னால் அட்டவணையும் பொய் சொல்லும். 'மரபுவழிப் பாடல்' என்ற குறிப்பைக் காணுமிடத்தெல்லாம், அதனை முதலில் எழுதியது யார், எந்த ஆண்டில், எவருக்குப் பணம் போயிற்று என்று கேட்கும் பழக்கம் வேண்டும். 'ம்புபே'யிலும் விடுபட்டவர்கள் உண்டு. லிண்டாவுக்குப் பின்னால் நின்று அடிக்குரலில் அந்தத் தொடரைத் திரும்பத் திரும்ப ஒலித்தவர்கள், 'ஈவ்னிங் பேர்ட்ஸ்' என்ற குழுப்பெயரின் கீழேதான் இன்றும் நிற்கிறார்கள்.