வாளரம் முதல் ஸ்க்ரோல் ரம்பம் வரை: வளைவறுப்பின் வரலாறும் கருவி பேணலும்

முன்னுரை

பலகையை நேர்க்கோட்டில் அறுப்பதற்குரிய கருவிகள் பல. வளைவும் நெளிவுமாக அறுப்பதற்கும், விளிம்பைத் தொடாமல் பலகையின் உட்பகுதியை மட்டும் அறுத்தெடுப்பதற்கும் உரிய கருவி வேறு. நூல்போன்ற மெல்லிய அலகினை இரு முனைகளிலும் இறுகப் பூட்டி, மேலும் கீழுமாக இயங்கச் செய்யும் எந்திரம் ஸ்க்ரோல் ரம்பம் எனப்படுகிறது. அலகின் ஒரு முனையைக் கழற்றி, பலகையில் இட்ட துளையின் வழியே நுழைத்து, மீண்டும் பூட்டி அறுப்பதே இதன் தனித்தன்மை. உலகின் பல நாடுகளில் இது பொழுதுபோக்குக் கலையாக வளர்ந்துள்ளது. அறுப்பதோடு நில்லாமல் எந்திரத்தைப் பேணுவதையும் அக்கலையின் ஒரு கூறாகவே இதில் ஈடுபடுவோர் கொள்கின்றனர்.

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றால் செய்யப்பட்ட பொருள்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கருவியைக் கூராக்கியும் செப்பனிட்டும் காத்த உழைப்பு அதில் இடம்பெறுவதில்லை. ஆனால் தமிழ்ச் சொற்களில் அவ்வுழைப்பின் தடம் எஞ்சியுள்ளது. அத்தடத்தினைப் பின்பற்றி வளைவறுப்பின் வரலாற்றை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

அறுக்கும் கருவியைத் தமிழகத்தில் இன்று ரம்பம் என்கிறோம். இதன் பழைய வடிவங்களாக அரம்பம், இரம்பம் ஆகியவற்றை அகராதிகள் தருகின்றன. வாள் என்னும் சொல்லும் போர்க்கருவியை மட்டுமன்றி அறுக்கும் கருவியையும் குறித்தது. ஈர்வாள் என்னும் சொல்லும், மரம் அறுக்கும் இடத்தினை வாள்பட்டறை என வழங்கும் இன்றைய வழக்கும் இதற்குச் சான்றாகும்.

அரம் என்பது அராவும் கருவி. திருக்குறளில் இச்சொல் இரு வேறு நோக்கில் ஆளப்பட்டுள்ளது. உட்பகை அதிகாரத்தில் (888) அது பொன்னைத் தேய்க்கும் கருவி. பண்புடைமை அதிகாரத்தில் (997) அது கூர்மைக்கு உவமை. தேய்த்தல், கூர்மை என்னும் இவ்விரு தன்மைகளும் ரம்பத்தின் பேணலில் ஒன்றுசேர்கின்றன. ரம்பத்தின் ஒவ்வொரு பல்லையும் முப்பட்டை அரத்தால் தேய்த்தே கூராக்குவர். வாளையும் அரத்தையும் இணைத்து நிற்கும் வாளரம் என்னும் பழஞ்சொல், அறுக்கும் கருவியையும் அராவும் கருவியையும் ஒரே இனமாகக் கண்ட பார்வையைக் காட்டுகிறது எனலாம். இரண்டுமே பற்களால் தொழிற்படுவன.

தில்லிக் கீர்த்தி நகரின் மரச்சாமான் பட்டறைகளில் வழங்கும் ‘ஆரி’ என்னும் இந்திச் சொல் தமிழ் அரத்தை நினைவூட்டக்கூடும். எனினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு சொல்லுறவு கூறுதல் பொருந்தாது. ஆரி என்பது வடமொழி ‘ஆரா’ என்பதனோடு தொடர்புபடுத்தப்படும் சொல்லாகும்.

சங்கறுத்த வாள்

வளைந்த பொருளை நுட்பமாக அறுத்ததற்குத் தமிழ் இலக்கியம் தரும் பழஞ்சான்று மரத்தொழில் பற்றியதன்று. சங்கறுக்கும் தொழில் பற்றியது. ஆவூர் மூலங்கிழார் பாடிய அகநானூற்றின் 24ஆம் பாடல், வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வாளரம் கொண்டு வளைகளை அறுத்தெடுத்த பின்னர் எஞ்சிய சங்கின் நுனிப்பகுதியைப் பகன்றையின் விரியாத அரும்புக்கு உவமையாக்குகிறது. மதுரைக்காஞ்சியும் மதுரை அங்காடித் தெருவின் தொழிலாளருள் சங்கறுப்போரைக் குறிப்பிடுகிறது.

புலவரின் பார்வை அணியப்படும் வளையில் நிற்காமல், பட்டறைத் தரையில் கிடக்கும் கழிவுத்துண்டின்மேல் சென்றுள்ளமை கருதத்தக்கது. தொல்லியலாளரும் அத்துண்டுகளையே தேடினர். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியாவின் சங்கினைப் பற்றி வெளியிட்ட நூலில், கொற்கையில் கிடைத்த அறுபட்ட சங்குத் துண்டுகளை இலக்கியச் சான்றுகளோடும் வங்காளத்துச் சங்கறுப்பு முறையோடும் இணைத்து ஆராய்ந்தார். டாக்காவின் சங்கறுப்போர் பிறைவடிவான பெரிய வாளைப் பயன்படுத்தினர். அதன் அறுக்கும் விளிம்பு வெளிப்புறமாக வளைந்தது. மன்னார் வளைகுடாவில் எடுக்கப்பட்ட சங்குகள் வங்காளப் பட்டறைகளுக்குச் சென்றன.

இம்மரபு மேலும் பழமையானது. ஹரப்பா நாகரிகத்தின் சங்குப் பொருள்களை ஆராய்ந்த ஜோனதன் மார்க் கெனோயர், அவற்றின் அறுப்புத் தடங்களைக் கொண்டு, வளைந்த விளிம்புடைய வெண்கல வாளால் அவை அறுக்கப்பட்டன எனக் காட்டினார். தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் ஹரப்பாக் கூடத்தில் சங்கு வளைகளைக் காண்போர் இத்தொழிலின் தொன்மையை உணரலாம்.

வங்காளத்தில் ‘சங்கறுக்கும் வாள்’ ஒரு மரபுத்தொடர். போகும்போதும் அறுக்கும், வரும்போதும் அறுக்கும் என்பது அதன் கருத்து. நாம் இருதலைக்கொள்ளி எறும்பு என்னும் இடத்தில் அவர்கள் அதனை ஆள்கின்றனர். சங்கு கடினமானது, அதனை அறுக்கும் பல் விரைவில் மழுங்கும். ஆகவே அறுப்போன் கையருகே அரமும் இருந்திருத்தல் வேண்டும் என உய்த்துணரலாம்.

மெல்லலகின் தோற்றம்

சங்கறுக்கும் வாள் தன் உறுதியால் நிற்பது. மெல்லிய அலகோ பிறிதொன்றின் இழுவிசையால் நிற்பது. இவ்வேறுபாடே வளைவறுப்பின் வரலாற்றில் பெருந்திருப்பம். பிரான்சில் பதினான்காம் லூயியின் அவையில் பணியாற்றிய ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டையும் அடுக்கி, ஒரே கோட்டில் அறுத்து, ஒன்றினுள் ஒன்றைப் பதித்தார். நம் நாட்டில் மைசூர் கருங்காலிப் பதிப்புவேலை எனவும் ஈட்டிமரப் பதிப்புவேலை எனவும் அறியப்படும் கலையிலும், மெல்லிய மரத்தகடுகளைச் சட்டகத்தில் பூட்டிய நுண்ணலகால் அறுத்து உருவங்களை அமைக்கின்றனர். தில்லிக்கு வடக்கே உள்ள சகாரன்பூரின் மரச் சாளர வேலையிலும் உட்பகுதியை அறுத்து நீக்குவதே அடிப்படை.

தொழிலும் பொழுதுபோக்கும்

1870களில் அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரில் இயங்கிய பார்ன்ஸ் நிறுவனம் தையல் எந்திரம்போலக் காலால் மிதித்து இயக்கும் ரம்பங்களை உருவாக்கியது. இங்கிலாந்தின் டீரம் நகரிலிருந்து 1895இல் ‘ஹாபீஸ் வீக்லி’ என்னும் இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் வரைபடங்களைப் பலகையில் ஒட்டி அறுப்பது எளிய குடும்பங்களின் மாலைநேரக் கலையாயிற்று. பின்னர் மின்னாற்றல் மிதிகட்டையின் இடத்தைப் பெற்றது.

இந்தியச் சூழலில் இம்மாற்றத்தை அப்படியே பொருத்த இயலாது. இங்குத் தச்சு, பிறப்போடு பிணைக்கப்பட்ட தொழில். தச்சர் கம்மாளர் ஐவகையினருள் ஒருவர். வேள்வி செய்யாமை கூறியே சங்கறுப்போனைப் பாடல் சுட்டுவதும் தொழில், தகுதி ஆகியவற்றுக்கு இடையிலான உறவை எண்ணச் செய்கிறது. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையடுத்து, தில்லி ஜாமியா மில்லியாவின் துணைவேந்தராயிருந்த ஜாகிர் உசேன் தலைமையிலான குழு, கைத்தொழிலைக் கல்வியின் மையமாக்கிப் பாடத்திட்டம் வகுத்தது. தச்சுவேலையும் அதில் இடம்பெற்றது. எல்லாக் குழந்தையும் கருவியைத் தொடவேண்டும் என்னும் அக்கருத்து, பொழுதுபோக்கு என்பதனினும் ஆழமானது. பொழுதுபோக்காளர் விரும்பியபோது கருவியைக் கீழே வைக்கலாம். தொழிலாளருக்கு அவ்வுரிமை இருந்ததில்லை.

பேணுதல்

ஸ்க்ரோல் ரம்பத்தின் அலகு ஏறத்தாழ 5 அங்குல நீளமுடையது. அதன் பற்கள் அரம் நுழைய இயலாத அளவு நுண்ணியவை. ஆகவே மழுங்கிய அலகு அராவப்படுவதில்லை, மாற்றப்படுகிறது. அறுப்போனுக்கும் அரத்துக்கும் இருந்த நெடுங்கால உறவு இவ்விடத்தில் அறுகிறது. ஆயினும் பேணுதல் மறையவில்லை. பல்லிலிருந்து எந்திரத்துக்கு இடம்பெயர்ந்துள்ளது.

முதலாவது இழுவிசை. தளர்ந்த அலகு வளைந்து கோட்டைவிட்டு விலகும். மிகையாக இறுகியது முறியும். கைதேர்ந்தோர் அலகை விரலால் மீட்டி அதன் ஒலியைக் கேட்டு அளவறிவர். இரண்டாவது செங்குத்து. தடித்த கட்டையில் சிறிது அறுத்து, கட்டையைத் திருப்பி, அலகின் பின்புறமாக அதே கோட்டில் நுழைத்துப் பார்ப்பர். தடையின்றி நுழைந்தால் மேடை சரியான கோணத்தில் உள்ளது. மூன்றாவது உராய்வு. கைகளின் இணைப்புகளுக்கு எண்ணெயிடுதல், பூட்டுகளில் படிந்த தூளை நீக்குதல், பலகை வழுக்கிச் செல்ல மேடைக்கு மெழுகு பூசுதல் ஆகியன இதில் அடங்கும். இவற்றைத் தொடங்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் முதல் விதி.

சில அலகுகளின் அடிப்பகுதியில் பற்கள் மேல்நோக்கி அமைந்திருக்கும். அவை பலகையின் அடிப்புறம் பிசிறாமல் காக்கின்றன. போகும்போதும் வரும்போதும் அறுக்கும் சங்குவாளின் தன்மை இங்கு வேறொரு தேவைக்காக மீண்டும் தோன்றுகிறது.

தமிழகத்தில் ஆயுத பூசையன்றும், தில்லிப் பட்டறைகளில் செப்டம்பர் 17இல் விசுவகர்மா பூசையன்றும் கருவிகள் துடைக்கப்பட்டு ஓய்வு பெறுகின்றன. பேணுதலுக்கு வழிபாட்டின் மதிப்பைத் தந்த மரபுகள் இவை.

முடிவுரை

கருவியின் வடிவம் மாறியபோதும் அதனைக் காக்கும் உழைப்பு தொடர்ந்து வந்துள்ளது. அதன் இடம் மட்டுமே மாறியுள்ளது. பழைய உழைப்பினை வாளரம் என்னும் சொல் தாங்கி நிற்கிறது. புதிய உழைப்புக்கு நம்மிடம் நிலைபெற்ற சொற்கள் இல்லை. சுருள்வாள் என மொழிபெயர்த்தால் அது சுருட்டி வைக்கும் படைக்கருவியோடு மயங்கும். இத்தகைய இடங்களில் அகராதி மேசையில் சொல் புனைவதனினும் பட்டறைக்குச் சென்று கேட்பதே தக்கது. அரம் பிடித்துப் பல் கூராக்கிய தலைமுறையின் சொற்கள், எழுதப்படாமலே அவர்களோடு மறையும் நிலையில் உள்ளன. சங்கின் கழிவுத்துண்டைப் பாடலுக்குள் கொண்டுவந்த மரபுக்கு அச்சொற்களைத் தொகுக்கும் கடமையும் உண்டு.