இன்ஜினோடு சேர்ந்து மாறிய பிரேக்

1932-இல் ஃபோர்டு நிறுவனம் சாமானியர் வாங்கும் விலையில் வி8 கார் ஒன்றை இறக்கியது. 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். முந்தைய மாடல் ஏ காரின் நான்கு சிலிண்டர் இன்ஜின் தந்தது 40தான். சில வருடங்களில், அடிபட்ட வி8 கார்கள் கலிபோர்னியாவின் காயலான் கடைகளுக்கு வர ஆரம்பித்தன. கையில் அதிகம் காசில்லாத இளைஞர்கள் அந்த இன்ஜினை வாங்கிவந்து, வீட்டு ஷெட்டிலேயே பழைய மாடல் ஏ வண்டியில் ஏற்றினார்கள். வேகத்துக்காக மாற்றிக் கட்டிய 'ஹாட் ராட்' கார்கள் பெருகியது இப்படித்தான்.

அந்த வி8 இன்ஜினின் எடை இருநூறு கிலோவைத் தாண்டும். ஷெட்டின் உத்திரத்தில் செயின் பிளாக் கட்டித் தூக்கினார்கள். உத்திரம் இல்லாதவர்களுக்கு மரக்கிளை. கிளை முறிந்தால் அடியில் நிற்பவர் கதி என்ன என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஆனாலும் பெரிய ஆபத்து பிரேக்கில்தான் இருந்தது. மாடல் ஏ-யில் பெடலை மிதித்தால் இரும்புக் கம்பிகள் இழுபட்டு, டிரம்முக்குள் ஷூக்கள் விரியும். நான்கு சக்கரத்துக்கும் இழுப்பு சமமாக இல்லையென்றால் வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். 40 குதிரைத்திறனுக்கென்று செய்த அந்த ஏற்பாட்டை நம்பி 65-ஐ ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. பிளிமத் கார்களுக்கு 1928-இலேயே ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது. ஃபோர்டு மாறியதோ 1939 மாடலில்தான். நல்லவேளையாக, அந்தப் புது பிரேக்கைச் சிறு மாற்றங்களோடு பழைய அச்சிலும் பூட்ட முடிந்தது. அதன்பின் விவரம் தெரிந்தவர்கள் காயலான் கடையில் இன்ஜினோடு பிரேக்கையும் சேர்த்துத் தேடினார்கள். இன்ஜின் மாற்றும் வேலையின் வரலாற்றில் நான் முதலிடம் தருவது இந்த மாற்றத்துக்குத்தான்.

அடுத்த தலைவலி சூடு. இந்த வி8-இல் புகை வெளியேறும் வழி பிளாக்குக்குள்ளேயே சுற்றிவருவதால், அந்தச் சூட்டில் கணிசமான பங்கு தண்ணீரில் இறங்கும். சின்ன ரேடியேட்டரோடு விட்டவர்களின் வண்டி மேட்டில் கொதித்து நின்றது.

இந்த வண்டிகள் மொஹாவி பாலைவனத்தில் மியூராக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் பந்தயம் ஓடின. ஒரே நேரத்தில் பல கார்கள் புழுதிக்குள் பாய்ந்ததால் மோதல்கள் நடந்தன. 1937-இல் கிளப்புகள் சேர்ந்து தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்து, பந்தயங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தன.

1955-இல் ஷெவர்லேயின் 4.3 லிட்டர் வி8 வந்தது. அந்த நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் இன்ஜினைவிடவே எடை குறைவு. ஆரம்ப மாடலிலேயே 162 குதிரைத்திறன். பழைய ஃபோர்டுகளிலும் அதை ஏற்றத் தொடங்கினார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பின்பக்கம் இருந்ததால், இன்ஜினையும் இருக்கைப் பகுதியையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டில் இடித்தது. பலர் தகட்டை வெட்டி இடம் பண்ணினார்கள். ஃபோர்டு கியர்பாக்ஸோடு அதை இணைக்க நடுவில் ஓர் அடாப்டர் தட்டு வேண்டும். இன்ஜினின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் பேரிங்கும் கிளச்சும் தாங்காது. அதனால், அளவாகக் கடைந்த தட்டுகளைப் பட்டறைகள் செய்து விற்க, வீட்டில் வேலை பார்த்தவர்கள் வாங்கிப் பூட்டினார்கள்.