வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழரும் இரத்தப் பரிசோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் குடியேற்றம், கங்காணி முறை, கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தோட்டத் தொழிலாளியின் உடல் அவ்வாறு ஆராயப்படவில்லை. அவ்வுடலைப் பற்றிய செய்திகள் மருத்துவ அறிக்கைகளில் சிதறிக் கிடக்கின்றன. உலு யாம் முதல் கோல சிலாங்கூர் வரையுள்ள தோட்டப்புறத்தை நடுவாகக் கொண்டு, நூறாண்டுக் காலத்தில் தமிழரின் இரத்தத்தில் மருத்துவர் எவற்றைத் தேடினர், ஏன் தேடினர் என்பதை இக்கட்டுரையில் நாம் காண முற்படுகிறோம். தொடக்கத்தில் அவர்கள் தேடியது மலேரியாக் கிருமி. பின்னர் தேடியது இரத்தச் சோகை. இன்று தேடுவது சர்க்கரையும் கொழுப்பும். அடிவயிற்றில் சேரும் கொழுப்பின் அடையாளங்கள் இன்று தோட்ட வழிவந்தோரின் இரத்தத்தில் மிகுதியாகக் காணப்படுவதற்கு அவர்தம் இனமே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. அக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதே நம் வினா.

கிருமியைத் தேடிய காலம்

கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி மலேரியாவைக் கட்டுப்படுத்தும் பணியைத் தொடங்கினார். பின்னர் அவர் தோட்டந்தோறும் சென்று குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியுள்ளதா எனப் பார்த்தார். இரத்தத் துளிகளை நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்தார். அவர் கண்டறிந்தவற்றுள் நம் வட்டாரத்திற்கு மிகவும் தொடர்புடையது ஒன்று உண்டு. கரையோரச் சமநிலத்தில் காட்டை அழித்து வடிகால் அமைத்தால் காய்ச்சல் குறைந்தது. மலையடிவாரத்தில் காட்டை அழித்தபோதோ அது கூடியது. வெயில் படும் தெளிந்த ஓடைகளில் பெருகும் வேறொரு கொசுவினமே அதற்குக் காரணம். ஒரே மாநிலத்தில், ஒரே ஊரிலிருந்து கப்பலேறி வந்த இருவருள் கோல சிலாங்கூரின் தாழ்நிலத்தில் அமர்த்தப்பட்டவர்க்கும், உலு யாம், பத்தாங் காலி போன்ற அடிவாரப் பகுதிகளில் அமர்த்தப்பட்டவர்க்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேறுபட்டிருக்கும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம். 1911ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் தொழிலாளர் இறப்பு ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. அக்காலத்தில் இரத்தத்தைச் சோதித்ததன் நோக்கம், வேலைக்கு ஆள் நிற்பானா என்பதை அறிவதே.

சோகையும் சோறும்

1915 முதல் 1917 வரை, ராக்பெல்லர் அறநிறுவனத்தின் சார்பில் சாமுவேல் டார்லிங் தலைமையிலான குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. காலில் செருப்பின்றி ஈர மண்ணில் நடந்தவர்களின் குடலில் புழு தங்கி இரத்தத்தை உறிஞ்சியது; மலேரியா எஞ்சியதை அழித்தது. இரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது இப்போது முக்கிய அளவாயிற்று.

உணவு பற்றியும் ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் ஈயச் சுரங்கங்களில் பணியாற்றிய சீனரிடையே பெரிபெரி நோய் பேரழிவை விளைவித்தது. தமிழரிடையே அது அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் 1907ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டிற்கு அரிசியே காரணம் என வாதிட்டார். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் ஜாவானியத் தொழிலாளரிடையே சோதனை செய்து அதை உறுதிப்படுத்தினர். சீனர் உண்டது தீட்டிய வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நோயின் வேறுபாட்டை இன வேறுபாடு என்று எண்ணிக்கொண்டிருந்த இடத்தில், அது அடுப்படி வேறுபாடு என்று தெளிவாயிற்று. இந்நிகழ்ச்சி நம் வினாவுக்கு ஒரு முன்மாதிரியாகும்.

இருப்பினும் தொழிலாளியின் மீது குறை காணும் போக்கு மாறவில்லை. ஊருக்குப் பணம் அனுப்புவதற்காகத் தமிழர் வயிற்றைக் கட்டுகின்றனர் என்று அன்றைய அலுவலர் குறைபட்டுக்கொண்டனர். கூலி போதாது என்பதைவிட இவ்வாறு சொல்வது அவர்களுக்கு எளிதாக இருந்தது போலும். இன்று அதே மக்களின் பேரப்பிள்ளைகள் மிகுதியாக உண்கின்றனர் என்று குறை கூறப்படுகிறது.

ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சிய பெண்கள் பலர் பட்டினியுடன் கருவுற்றுப் பிள்ளை பெற்றனர். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

மெலிந்த உடலில் மறைந்த கொழுப்பு

1959ஆம் ஆண்டில் டாக்டர் டி.ஜே. தனராஜும் உடனாய்வாளரும் சிங்கப்பூரில் நடந்த பிணக்கூறு ஆய்வுகளின் பதிவுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். இதயத் தமனி நோய் சீனரைவிட இந்தியரிடையே பன்மடங்கு மிகுதி என்பது அதன் முடிவு. இவரே பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் முதல்வரானார். இதற்கான விளக்கம் கிடைக்க முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. 1991இல் மெக்கீக், ஷா, மார்மட் ஆகியோர் மேற்கு இலண்டனில் வாழும் தெற்காசியரை ஆராய்ந்தனர். அவர்களிடம் இடுப்புப் பகுதிக் கொழுப்பும், இரத்தத்தில் இன்சுலினும் டிரைகிளிசரைடும் கூடியிருந்தன. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைந்திருந்தது.

இவ்வடையாளங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. தோலுக்கடியில் படியும் கொழுப்பு பெரும்பாலும் தீங்கற்றது. குடலைச் சூழ்ந்து படியும் கொழுப்போ கரைந்து, குடலிலிருந்து செல்லும் நாளத்தின் வழியாக நேரே கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது, எச்.டி.எல். குறைகிறது, இன்சுலின் வினை மந்தமாகிறது, சர்க்கரை ஏறுகிறது. கொழுப்புத் திசுவே சுரக்கும் அடிபோனெக்டின் என்னும் நற்பொருள், வயிற்றுக்கொழுப்பு கூடக்கூடக் குறைவது வியப்பான செய்தியாகும். ஆகவே, எடைக்கருவி காட்டாததை இரத்தம் காட்டிவிடுகிறது. டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேற்பட்ட டிரைகிளிசரைடும், ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் குறைந்த எச்.டி.எல்.லும் எச்சரிக்கை எனக் கொள்வர். தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என வகுக்கப்பட்டுள்ளது.

மெலிந்த உடலில் இக்கொழுப்பு எவ்வாறு சேர்ந்தது? புனே நகரை அடுத்த சிற்றூர்களில் சித்தரஞ்சன் யாஜ்னிக் நடத்திய ஆய்வு இதற்கு விடை தருகிறது. அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் குறைந்திருந்தன. கொழுப்பு அந்த அளவிற்குக் குறையவில்லை. தொப்புள்கொடி இரத்தத்திலேயே இன்சுலின் மிகுந்திருந்ததை 2002இல் வெளியிட்டனர். வறுமையில் வாடிய தாயின் கருவில் குழந்தை தசையை இழந்து கொழுப்பைக் காத்துக்கொள்கிறது என இதனை விளக்கலாம். ஹேல்ஸ், பார்க்கர் இருவரும் 1992இல் முன்வைத்த கோட்பாடும் இத்தகையதே. போர்க்காலத் தோட்டத்தில் பிறந்தவர்களை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

இனமா, வாழ்நிலையா?

பிஜித் தீவில் 1980இல் நடந்த ஆய்வில், கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த இந்தியரிடையே நீரிழிவு நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதே பத்தாண்டின் இறுதியில் தமிழகத்தில் ராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்தபோது சென்னையில் 8.2 விழுக்காடும் சிற்றூரில் 2.4 விழுக்காடும் எனப் பெரும் வேறுபாடு தெரிந்தது. மூதாதையர் வாழ்ந்த நாட்டின் சிற்றூரும் கடல் கடந்த தோட்டப்புறமும் ஒன்றல்ல என்பது இதனால் பெறப்படும். மொரிசியசில் 1987இல் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. அங்கு இந்திய வழியினர், கிரியோல்கள், சீனர் ஆகிய எல்லாரிடமும் நீரிழிவு ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டது. பரம்பரைக் கூறு ஒன்றுமில்லை என நாம் கூறவில்லை. அது தனித்து நின்று நோயைத் தருவதில்லை என்றே கூறுகிறோம்.

மலேசியாவில் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி 18 வயதுக்கு மேற்பட்ட இந்தியரிடையே நீரிழிவு 2006இல் 19.9 விழுக்காடாகவும் 2019இல் 31.4 விழுக்காடாகவும் இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் எந்த இனத்தின் மரபணுவும் இவ்வளவு மாறுவதில்லை. மாறியது வாழ்நிலை. பத்தாங் பெர்சுந்தை எனப்பட்டு இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரருகே, தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டை ஹென்றி பொக்கோனியே தொடங்கினார். பிற்காலத்தில் பால்மரம் இருந்த இடங்களில் செம்பனை பரவியது. அதன்பின் புக்கிட் பெருந்தோங் போன்ற வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, வாளிகளைக் காண்டாவில் சுமந்தவரின் பிள்ளைகள் தொழிற்சாலையிலும் காவல் பணியிலும் அமர்ந்தனர். நடை போயிற்று, சோற்றின் அளவும் டின் பால் ஊற்றிய தேநீரும் அப்படியே நின்றன. புழுங்கல் அரிசியும் பல வீடுகளில் மறைந்தது. தோட்ட முதியோர் இந்நோயை இனிப்புநீர் என்றே வழங்குகின்றனர்.

இன்று தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் செகாக் உடற்தகுதிச் சோதனையின்போது மாணவரின் உயரமும் எடையும் பதியப்படுகின்றன. வாட்சன் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்த குழந்தைகளின் கொள்ளுப்பேரர் சிலரும் அவர்களுள் இருக்கக்கூடும். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும்போது மெலிந்த பிள்ளை நலமான பிள்ளையாகவே பதிவாகும். இடுப்புச் சுற்றளவிற்கு அப்படிவத்தில் இடமில்லை.